பதினேழாவது வீடு

வா கண்ணு, உள்ள வா. செருப்பை அங்கயே கழட்டி விடு, பரவாயில்ல. மீட்டர் கம்பெனிப் புள்ளைதானே நீ? கழுத்துல அட்டை தொங்கறதைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. எங்க அசோசியேஷன் தலைவர் தண்டபாணி சார் காலையிலயே சொல்லிட்டாரு, "அக்கா, மீட்டரைப் பார்க்க இன்ஜினியர் வருவாங்க, மொதல்ல உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க"ன்னு. மொதல்ல எங்க வீட்டுக்கு! பதினாறு வீடு இருக்கு இந்த பிளாக்குல. யாராவது மீசை வெச்ச ஆளு ஏணியைத் தூக்கிட்டு வருவாருன்னு நான் நெனைச்சுட்டு இருந்தேன். நீ என்னடான்னா காலேஜுக்குப் போற புள்ளையாட்ட பையை மாட்டிட்டு வந்து நிக்கறே.

உக்காரு. ஃபேன் போடட்டுமா? வேண்டாமா? அதுதான் புள்ள! இந்த வீட்டுல ஃபேனே வேண்டியதில்ல. கால் பக்கம் சில்லுன்னு காத்து வருதில்ல, அந்த பெட்ரூம் கதவுக்குக் கீழ இருந்து? அது இந்த வீட்டு வாகு. கிழக்குப் பார்த்த வீடு. வாங்கும்போதே வாஸ்துக்காரர் சொன்னாரு, காத்து பிச்சுக்கிட்டு வரும்னு. நாலு வருசமா வரல. இந்த ரெண்டு வாரமாத்தான் வருது. எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரோணுமில்ல. எங்கூட்டுக்காரரு உள்ள படுத்திருக்காரு, மெதுவாப் பேசுவோம்.

பேரென்ன? கௌசிகாவா? நல்ல பேரு. ஊரு? கோபியா! அப்ப நம்ம பக்கந்தான். என் பேரு சாந்தாமணி. ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்பிடாதே, அக்கான்னு கூப்பிடு. மீட்டரா? காட்டறேன், காட்டறேன். அது எங்க ஓடியா போகப்போகுது? மொதல்ல காபி குடி. கேஸ் அடுப்புல வெச்ச காபி. கரண்டே படல.

நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும் கண்ணு. வர்ற ஞாயித்துக்கெழம எங்க அசோசியேஷன் ஆண்டுவிழா. பதினாறு வீட்டுல எந்த வீடு கரண்டைக் கம்மியாச் செலவு பண்ணுச்சோ, அந்த வீட்டுக்குக் குத்துவிளக்கு. பாரு, கரண்டே வேண்டாத விளக்கு! தண்டபாணி சார் யோசிச்சுத்தான் வாங்கியிருக்காரு. குடுக்கறதுக்கு முன்னாடி கம்பெனில இருந்து ஆள் வந்து சரி பார்க்கோணுமில்ல? அதுக்குத்தானே வந்தே? தலைய ஆட்டறே. ஆமான்னு ஆட்டறியா, இல்லைன்னு ஆட்டறியான்னே தெரியல. கூச்சப்படாதே. நானும் உன்னையாட்டத்தான். அதிகம் பேச்சு வராது எனக்கு.

இரு, ஆரம்பத்துல இருந்தே சொல்றேன்.

பங்குனியில உங்க கம்பெனிக்காரங்க வந்து வீட்டுக்கு ஒரு பொட்டி மாட்டிட்டுப் போனாங்க. எவ்வளவு கரண்டு ஓடுதுன்னு அது சொல்லுமாம். ஆனா ஒயரே இல்ல. "ஒயர் இல்லாம கணக்கு எப்படீங்க போகும்?"னு கேட்டேன். "காத்துலயே போகும்மா. மொட்டை மாடிப் பொட்டிக்குப் போயி, அங்கிருந்து கீழ டிவிக்கு வந்துரும்"னாங்க. காத்துலயாம்! அன்னைக்குப் பூரா நான் அண்ணாந்து பார்த்துட்டே திரிஞ்சேன், எங்கூட்டுக் கணக்கு எந்தப் பக்கமாப் போகுதோன்னு.

நீ வரும்போது பார்த்திருப்பே, லிஃப்டுக்குப் பக்கத்துல பெரிய டிவி. அதுல பதினாறு வீட்டு நம்பரும் இருக்கும். நம்பருக்குப் பக்கத்துல ஒரு மூஞ்சி. கம்மியாச் செலவு பண்ணுனா பச்சை மூஞ்சி, சிரிச்சுக்கிட்டு இருக்கும். நடுவாந்திரமா இருந்தா மஞ்சள் மூஞ்சி, சிரிக்காது, அழுகாது, எங்கூட்டுக்காரரு கல்யாண ஃபோட்டோவுல இருக்காரே, அந்த மாதிரி. அதிகமாச் செலவு பண்ணுனா செவப்பு மூஞ்சி. கண்ணுல தண்ணி வேற.

மொத நாளு காலையில பால் வாங்கப் போறேன். எங்க வீடு அழுதுட்டு இருக்கு! பதினாறு வீட்டுல பதினாறாவது. எதிர்வீட்டு கிரிஜா டீச்சர் வீடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்குது. கூரியர்க்காரர் வேற, "ஏனுங்கக்கா, உங்க வீடு அழுவுது போல"ங்கறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? செலவு பண்ணுனது எங்க காசு. அழுகறது மட்டும் ஊருக்கே தெரியோணுமா?

அதுலயும் கிரிஜா டீச்சரு முன்னாடி! அவங்களுக்கும் எனக்கும் நாலு வருசமாப் பேச்சில்ல. நாங்க குடி வந்த வாரமே, செருப்பு ஸ்டாண்டை எங்க வெக்கறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அதோட சரி. அதுக்கு முன்ன நாங்க மில் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். அங்க கதவைச் சாத்துனா, "உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேப்பாங்க. இங்க கதவைத் தொறந்து வெச்சா, "ஏதாவது பிரச்சினையா?"ன்னு கேக்கறாங்க. சரின்னு நானும் சாத்திக்கிட்டேன். பொண்ணு பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டா. எங்கூட்டுக்காரரு மில்லுல எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன், போன வருசந்தான் ரிட்டயர்டு ஆனாரு. பேச்சுங்கறதே அவருக்கு ஓவர்டைம் மாதிரி, நாமளா கேட்டாத்தான் உண்டு. நானும் இந்த நாலு சுவரும்தான் கண்ணு பேசிக்குவோம். அது கெடக்குது.

செவப்பு மூஞ்சியைப் பார்த்துட்டு வந்தேன் பாரு, வந்த வேகத்துல பெட்ரூம் ஏசியை நிறுத்துனேன். நிறுத்துனா அவரு மறுபடி போட்டுக்குவாரு. அதனால ரிமோட்டை எடுத்து அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டேன், அடியாழத்துல. இன்னைக்கு வரைக்கும் அதுக்குள்ளதான் இருக்கு. அரிசியை மேலாகவே அள்ளிக்குவேன். "ரிமோட் எங்க?"ன்னாரு. "தெரியலையே"ன்னேன். கொஞ்ச நாள் தேடுனாரு. அப்பறம் விட்டுட்டாரு. ரெண்டு வாரமா ரிமோட்டுங்கற பேச்சே எடுக்கறதில்ல. மனுசன் மாறிட்டாரு கண்ணு. ஃபேன்கூட இல்லாம, மத்தியானம் பூரா உள்ள அப்படித் தூங்கறாரு.

ஏசியை நிறுத்துனதும் எங்க வீடு மஞ்சளுக்கு வந்துச்சு. ஆனா பச்சைக்குப் போகல. என்னடான்னு பார்த்தா கிரைண்டர்! நான் வாரத்துல மூணு வாட்டி மாவாட்டுவேன். கிரைண்டர் ஓடுன அன்னைக்கெல்லாம் மூஞ்சி உம்முனு ஆயிருது. கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டு மாவாட்டாம இருக்க முடியுமா, நீயே சொல்லு?

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. கீழ எங்களுக்கு அசோசியேஷன் ஹால்னு ஒண்ணு இருக்கு. வருசத்துல ஒரு நாள், ஆண்டுவிழாவுக்குத் தொறப்பாங்க. பெரிய ஏசி, சுவத்தைச் சுத்தி பிளக் பாயின்டு. சும்மாவே கெடக்குது. அந்த ஹாலு டிவியில இல்ல! மூஞ்சி கெடையாது! அது பொது. பொதுக் கரண்டு யாரு வீட்டுக் கரண்டும் இல்லையே?

வாட்ச்மேன் மாதேஸுகிட்டச் சாவி வாங்கி வெச்சுக்கிட்டேன். ஊறவெச்ச அரிசியையும் கிரைண்டரையும் எடுத்துக்கிட்டு, யாரும் பார்க்காத நேரமாப் பார்த்துக் கெளம்புனேன். கிரைண்டருக்கு மேல துண்டைப் போத்தி, பச்சைப் புள்ளையத் தூக்கறாப்பல தூக்கிக்கிட்டுப் போனேன். லிஃப்டு வந்துச்சு. கதவு தொறந்தா உள்ள கிரிஜா டீச்சர்!

நாலு வருசம் கழிச்சு மூஞ்சிக்கு மூஞ்சி. அவங்க கையில ஒரு துணிப்பை. பைக்குள்ள இருந்து ஒரு ஒயர் வெளிய தொங்குது. நான் ஒயரைப் பார்க்கறேன். அவங்க என் துண்டைப் பார்க்கறாங்க. லிஃப்டு பாட்டுக்கு எறங்குது. கீழ வந்து நின்னதும் நான் ஹாலுப் பக்கம் திரும்பறேன், அவங்களும் திரும்பறாங்க. நான் நின்னா அவங்களும் நிக்கறாங்க. கடைசியா அவங்கதான் கேட்டாங்க, "சாவி உங்ககிட்டயா இருக்கு?"ன்னு.

பையில என்ன தெரியுமா? அயர்ன் பாக்ஸ்! ஸ்கூலுக்குக் கட்டற காட்டன் சேலை ஆறு. அவங்க வீடு எப்படிப் பல்லைக் காட்டிச் சிரிச்சுதுன்னு அப்பத்தான் வெளங்குச்சு எனக்கு. "இவ்வளவு நாளா எங்க தேச்சீங்க டீச்சர்?"னேன். "பம்ப் ரூம்ல. எலி ஓடுது, பயமா இருக்கு, அதான் இங்க வந்தேன்"னாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அவங்களுக்கும் முடியல. சிரிச்சுச் சிரிச்சு, துண்டு கீழ விழுந்து, அரிசித் தண்ணி என் சேலையெல்லாம் கொட்டி, "குடுங்க, அதையும் தேச்சுக் காய வெச்சுத் தர்றேன்"னாங்க பாரு! அதோட செருப்பு ஸ்டாண்டு விசயம் முடிஞ்சுது. இப்ப ரெண்டு வீட்டுச் செருப்பும் ஒரே ஸ்டாண்டுல கெடக்குது. நீயும் இப்ப அதுலதான் விட்டிருக்கே.

ரெண்டு பேருன்னு இருந்தது ஒரு வாரத்துல ஊரே ஆயிருச்சு. மூணாவது மாடி ரோஸ்லின் நர்ஸ் வாஷிங் மெஷினையே எறக்கிட்டா. ஒருத்தங்க ரைஸ் குக்கரு. ஒருத்தங்க மிக்ஸி. ஒருத்தங்க வீட்டு டிவி. வேலைக்குப் போற புள்ளைங்க லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து, "அக்கா, இங்கயே ஒர்க் ஃப்ரம் ஹோம் பண்ணிக்கறோம்"ங்கறாங்க. வெயிலுக்கு ஏசி போடாம முடியுமா? போட்டோம். ஒரே ஏசி, ஊர்ப்பட்ட சனம்! மதியம் சீரியலு. ஆளுக்கொரு சீரியல் கேட்டுச் சண்டை. டீச்சர் நடுவுல நின்னு, சாக்பீஸ் இல்லாத கொறைதான், டைம்டேபிள் போட்டுக் குடுத்தாங்க. வெள்ளிக்கெழமை சந்தகை பிழியறது. எங்கூட்டு மாவு, ரோஸ்லின் வீட்டுத் தேங்காப்பால். சனிக்கெழமை எல்லார் வீட்டுச் சோறும் அங்கதான். எங்கூட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். "நீ போயிட்டு வா சாந்தா, மெதுவா வா, அவசரமே இல்ல"ன்னாரு. எவ்வளவு நல்ல மனுசன் பாரு.

ஏங்கண்ணு, காபியைக் குடிக்காம எதையோ எழுதிட்டே இருக்கே? எழுது, எழுது. எங்க பிளாக்கைப் பத்தி நல்லதா எழுது.

சித்திரை முடியறதுக்குள்ள பதினாறு வீடும் பச்சை! டிவியைப் பார்த்தா ஒரே சிரிப்பு. தண்டபாணி சார் அழுதே போட்டாரு. ஃபோட்டோ எடுக்க ஆளைக் கூட்டிட்டு வந்து, டிவிக்கு ரோஜா மாலை போட்டு, பக்கத்துல நின்னாரு. கிரிஜா டீச்சர்தான் "சார், மாலையைக் கழட்டுங்க, டிவி காலமாயிட்ட மாதிரி இருக்கு"ன்னாங்க.

பாவம், அவரு காலையில திருப்பூருக்கு வேலைக்குப் போனா, பொழுது சாயத்தான் வருவாரு. அதுக்குள்ள நாங்க கூட்டித் தொடைச்சுப் பூட்டிருவோம். அவருகிட்டச் சொல்லலையான்னு கேக்கறியா? அவரு வீட்டம்மாவே அங்கதானே வடை சுடறா! அவளே சொல்லல. அவரு கேக்கட்டும், சொல்றோம். கேக்காததை எதுக்குச் சொல்லோணும்?

இப்ப ஒரு சங்கடம் வந்திருக்கு. அதையும் சொல்லிர்றேன், நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியும். பொது மீட்டர் பில்லு வந்திருக்கு. அதைப் பார்த்துட்டுத் தண்டபாணி சாரு, "பதினாறு வீடும் இவ்வளவு மிச்சம் பண்ணும்போது, பொதுவுல எப்படி இப்படி ஏறும்?"னு தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. எங்களுக்கும் புரியல. நாங்க இவ்வளவு கட்டுசெட்டா இருக்கோம், அது எங்க போகுது கண்ணு? பக்கத்துல கட்டட வேலை நடக்குது, அவங்கதான் கொக்கி போட்டு இழுக்கறாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. ரெண்டு நாளு மாதேஸைக் காவல் நிக்க வெச்சோம். ஒண்ணும் சிக்கல. லிஃப்டா இருக்கும்னு நான் சொன்னேன். அடிக்கடி கிரைண்டரை ஏத்தி எறக்கறோமில்ல, அந்த வெயிட்டுக்கு இழுக்கும்.

ஏங்கண்ணு பேனாவைக் கீழ போட்டுட்டே? இந்தா.

தண்டபாணி சார் என்ன சொல்றாருன்னா, ஹால் ஒயரிங்லதான் எங்கயோ கரண்டு கசியுதாம். "ஞாயித்துக்கெழமைக்குள்ள இன்ஜினியர் காரணத்தைச் சொல்லலைன்னா, டிவியை எறக்கிருவேன், ஹாலைப் பூட்டிச் சாவியை என் வீட்டுல வெச்சுக்குவேன்"ங்கறாரு. பூட்டட்டும். பூட்டிட்டா எனக்கென்ன? நான் பாட்டுக்கு வந்து மறுபடி இந்த நாலு சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்துக்குவேன். பழகுன சுவருதானே. டீச்சர் அவங்க வீட்டுல தேச்சுக்குவாங்க, ரோஸ்லின் அவ வீட்டுல தொவைச்சுக்குவா. கதவு பாட்டுக்குச் சாத்திக்கும். அதெல்லாம் ஒண்ணுமில்ல. நேத்திக்குத் தூக்கம் வரல, அவ்வளவுதான். புழுக்கமா இருக்கும்.

நல்ல புள்ளையில்ல, உன் ரிப்போர்ட்டுல கொஞ்சம் பார்த்து எழுது. கசிவு இல்லைன்னு எழுது. கட்டடக்காரங்கன்னு எழுது. இல்லாட்டி லிஃப்டுன்னு எழுது. லிஃப்டு வாயைத் தொறந்தா மறுக்கப் போகுது?

என்னது? எங்கூட்டைப் பத்தியா? ஆமா, ரெண்டு வாரமா எங்க வீடு சைபர்தான். மத்தவங்கெல்லாம் ரெண்டு யூனிட்டு, மூணு யூனிட்டுன்னு காட்டும்போது, எங்க வீடு முட்டை! மூஞ்சிகூட மத்த மூஞ்சியைவிடக் கொஞ்சம் பெருசாச் சிரிக்கறாப்பல எனக்குத் தெரியுது. ஃப்ரிட்ஜா? ஓடிட்டுத்தான் இருக்கு, அதோ சத்தம் கேக்குதில்ல. அது சின்ன ஃப்ரிட்ஜ் கண்ணு, கரண்டே குடிக்காது. அது இல்ல, இன்னொரு சத்தம் கேக்குதுங்கறியா? பெட்ரூம் பக்கமா, உய்யின்னு? அது பக்கத்துல கட்டட வேலை. ரெண்டு வாரமா மத்தியானமானா இந்தச் சத்தந்தான். மெஷின் வெச்சு என்னமோ அறுக்கறாங்க.

சரி சரி, மீட்டரைக் காட்டறேன், வா. இந்த நடையிலதான். இதோ. எங்கன்னு தேடறியா? இந்த அண்டாவுக்குப் பின்னாடி.

சிரிக்காதே கண்ணு, இதுல விசயம் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு முன்ன ஒரு நாளு கிரிஜா டீச்சர் எல்லாருக்கும் முன்னாடி, "சாந்தாக்கா வீடு எப்படித்தான் இப்படிச் சிரிக்குதோ"ன்னுட்டாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா அத்தனை சனம் அத்தனை கண்ணு. நான் வீட்டுக்கு வந்து, திருஷ்டி பட்டுருமோன்னு இவருகிட்ட ஒரு வார்த்தைதான் சொன்னேன். கோயிலுக்கே வராத மனுசன், எலுமிச்சங்கா தொங்கவிட்டா எடுத்துச் சாறு போட்டுக் குடிக்கற மனுசன், ஒடனே எந்திரிச்சாரு. பொண்ணு சீருக்குன்னு வாங்கி வெச்சிருந்த செப்பு அண்டாவை எறக்குனாரு. ரெண்டு காதுலயும் கயித்தைக் கட்டி, ஆணி அடிச்சு, வாய் சுவத்தைப் பார்க்கறாப்பல மீட்டரை மூடி மாட்டிட்டாரு. "செம்பு திருஷ்டியை உள்ள விடாது சாந்தா, மில்லுல படிச்சிருக்கேன்"னாரு. முப்பது வருசம் கரண்டோடயே பொழங்குனவரு, அவருக்குத் தெரியாததா? என் கண்ணு கலங்கிருச்சு. மூடுன அன்னைக்கே எங்க வீடு சைபருக்கு எறங்கிருச்சு, நம்புவியா? அப்ப திருஷ்டி இருந்திருக்குதானே!

எடுக்கோணுமா? எடுத்தா மறுபடி படாதா? உன் கண்ணு நல்ல கண்ணுதான், உன்னையச் சொல்லல. சரி, எடு. பார்த்து, கனமா இருக்கும். இரு, நானும் ஒரு பக்கம் புடிக்கறேன். அடி! தரையில போட்டுட்டோமே! என்ன சத்தம், கோயில் மணியாட்ட! இவரு முழிச்சிருப்பாரு.

பாரு, பொட்டியில லைட்டு மினுக்குமினுக்குங்குது. இப்பத்தான் மூச்சு விடறாப்பல இருக்கு. உன் ஃபோன்ல என்ன ஓடுது? என்ன கண்ணு, உன் கண்ணு இவ்வளவு பெருசாகுது? ரெண்டு வாரத்துக் கணக்கும் ஒண்ணா வருதா? வரட்டும் வரட்டும், எங்களுக்கு மறைக்க என்ன இருக்கு?

அட! அந்தச் சத்தம் நின்னுபோச்சு, கவனிச்சியா? உய்யின்னுச்சே, அது. நீ மீட்டரைத் தொட்டதும் கட்டடக்காரங்க வேலையை நிறுத்திட்டாங்க பாரு! அப்ப அவங்கதான் இழுத்திருக்காங்க. புடிச்சுட்டோம்!

இதோ, எந்திரிச்சு வந்துட்டாரு. என்னங்க, இதுதான் மீட்டர் கம்பெனிப் புள்ள, கௌசிகா. கோபியாம். ஏங்க, இந்த வைகாசி வெயில்ல கம்பளியைப் போத்திட்டு வர்றீங்க? பாரு கண்ணு, ரெண்டு வாரமா இதே கதைதான். மத்தியானம் தூங்கி எந்திரிச்சா ஒடம்பெல்லாம் சில்லுன்னு கெடக்குது. கை வெச்சுப் பாரேன். கேட்டா, "ஒண்ணுமில்ல"ங்கறாரு. இதென்ன, முழங்கை வரைக்கும் அரிசி ஒட்டியிருக்கு? நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு. பச்சரிசி திங்கறீங்களா? ஐயோ, ரோஸ்லின் சொன்னாளே! ரத்தம் கம்மியா இருந்தா குளிரெடுக்கும், அரிசி திங்கத் தோணும்னு. ரெண்டும் இருக்கு இவருக்கு! இன்னைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லோணும். நீங்க பேசாதீங்க. பேசாமத்தான் இருக்கீங்க, ஆனாலும் பேசாதீங்க.

ஏன் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அப்படிப் பார்த்துக்கறீங்க? கரண்டு வேலை பார்க்கறவங்களுக்குள்ள ஏதாவது பாஷை இருக்குமோ?

யாருக்குக் கண்ணு ஃபோன் போடறே? தண்டபாணி சாருக்கா? ஐயோ, இரு. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுப் போடேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் நேரம் இருக்கே. கட்டடக்காரங்க விசயத்தை மொதல்ல... சரி, பேசு. நான் பேசல. இங்க சுவத்தோரமா நிக்கறேன்.

என்னங்க, அந்தப் புள்ள என்ன சொல்லுது? மெதுவாப் பேசுது, காதுலயே விழ மாட்டேங்குது. கசிவு இல்லைங்குதா? ஆமா, இல்லைன்னுதான் சொல்லுது! "வீட்டு மீட்டரு பதினாறு, பொது மீட்டரு ஒண்ணு, எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன் சார்"ங்குது. "போன வருசம் இதே மாசத்தைவிட மொத்தத்துல நல்லாவே கொறைஞ்சிருக்கு"ங்குது. கொறைஞ்சிருக்கா! "பதினாறு ஏசி ஓடுன எடத்துல இப்ப ரெண்டுதான் சார் ஓடுது, அவங்க எல்லாரும் ஒரே எடத்துல இருக்காங்க"ங்குது. "ஹாலை டிவியில சேர்த்துருங்க சார், பூட்டிறாதீங்க. அதையும் ஒரு வீடாக் கணக்கு வெச்சுக்கங்க, பதினேழாவது வீடு"ங்குது. ஃபோனை வெச்சுருச்சு.

என்ன சொன்னாரு கண்ணு? "பூட்டல"ன்னாரா? அவரு வாயாலயே சொன்னாரா? இன்னொரு வாட்டி சொல்லு.

என் தங்கமே! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. டீச்சருக்குச் சொல்லோணும். ரோஸ்லினுக்குச் சொல்லோணும். பதினேழாவது வீடாம்! அப்ப ஹாலுக்கும் மூஞ்சி வருமா? செவப்பா வருமா? வரட்டும், நாங்க பச்சையாக்கிக் காட்டறோம். குத்துவிளக்கு? அதையும் ஹாலுக்கே குடுத்துறலாம்னு சொல்லியிருக்கியா? நல்லதுதான். அங்க வெச்சாலும் தெனமும் ஏத்தப் போறவ நாந்தானே. எனக்குக் கெடைச்ச மாதிரிதான்.

இரு, ஒண்ணே ஒண்ணு இடிக்குது. ரெண்டு ஏசின்னு சொன்னியே. ஹால்ல ஒண்ணுதானே ஓடுது? அந்த இன்னொரு ஏசி யாரு வீட்டுல? இத்தனை பேரு வேர்த்து ஊத்திக்கிட்டுக் கட்டுப்பாடா இருக்கும்போது, கமுக்கமா ஏசி போட்டுட்டுப் படுத்துக் கெடக்கறது யாரு? எனக்கு மட்டும் சொல்லு. சொல்ல மாட்டியா? பரவாயில்ல, நானே கண்டுபுடிக்கறேன். எனக்கு ஒரு ஆளு மேல சந்தேகம் இருக்கு, மூணாவது மாடியில. என்னங்க, ஏன் இப்படி இருமறீங்க? ரத்தம் கம்மியானா இருமல் வேற வருமா?

வா கண்ணு, ஹாலுக்குப் போலாம். பணியாரம் ஊத்திட்டு இருப்பாங்க. நீங்களும் வாங்க, இன்னைக்கு உங்களை விடமாட்டேன். கம்பளியோடயே வாங்க, ஹால்ல ஏசி ஓடுது, உங்களுக்குக் குளிரும். லேப்டாப் பேட்டரி தீரப்போகுதா? சார்ஜரை எடுத்துக்கோ, அங்கயே சொருகிக்கலாம்.

அங்க நின்னுட்டு என்னங்க பண்றீங்க? என்ன? அண்டாவை மறுபடி மாட்டிறட்டுமாவா?

பாரு கண்ணு, எவ்வளவு அக்கறை இந்த மனுசனுக்கு! ஏங்கண்ணு? ஏன் இப்படிச் சிரிக்கறே? இவ்வளவு நேரம் வாயே தொறக்காம இருந்த புள்ள, சுவத்தைப் புடிச்சுட்டுல்ல சிரிக்கறே! நீங்க ஏங்க தலையைக் குனிஞ்சுக்கறீங்க? நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? ரெண்டு பேரும் லிஃப்டுக்கு நடங்க, பணியாரம் ஆறிப்போகுது. ஒரு நிமிசம், அண்டாவை மட்டும் மாட்டிட்டு வந்துர்றேன்.